ஒரு கேன் நைட்ரஜனும் ஒரு செகண்டு வெளிச்சமும்

குளிரில் எலெக்ட்ரான் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிற தொழிலில், எலெக்ட்ரானைவிட நாம்தான் அதிகம் ஓட வேண்டும். ஆராய்ச்சியில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு இது புரியும். 1991-ல் என் கையில் இருந்தது நகக்கண் அளவு ஒரு சில்லு. அரைக்கடத்தியை மெல்லிய அடுக்கடுக்காய் வளர்த்துச் செய்தது. பெங்களூரில் கெஞ்சி வாங்கிய இரவல், வெள்ளிக்கிழமை திருப்பித் தர வேண்டும். அதற்குள் அதைத் திரவ நைட்ரஜனில் குளிரவைத்து, மின்தடை எப்படிக் குறைகிறது என்று ஒரு கோடு வரைந்தாக வேண்டும். கோடு இல்லையென்றால் என் ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் காலி.

புகை

நைட்ரஜன் கிடைப்பது ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு கேஸ் கம்பெனியில். எங்கள் காலேஜ் பூந்தமல்லி பக்கம். ஜீப் கேட்டால் சிரிப்பார்கள் என்பதால் பஸ்தான். கேன் வாயை இறுக்கி மூடக்கூடாது, ஆவி போய்க்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். வெள்ளையாய் ஆவி கிளம்பியதைப் பார்த்த கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்திவிட்டார். நெருப்பில்லை அண்ணே, ஐஸைவிடச் சில்லென்று இருக்கும் என்றேன்.

“சில்லுனு கீதுன்னா எதுக்குமா பொகையுது? ஒயுங்கா சொல்லு, இல்லாங்காட்டி எறங்கு!”

பக்கத்து சீட் அக்கா

எப்படியோ கெஞ்சி உட்கார்ந்தவள், செம்பரம்பாக்கம் ஏரிக் காற்றில் கண்ணயர்ந்துவிட்டேன். ‘பட்’டென்று சத்தம். பஸ்ஸே எழுந்து நின்றது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற அக்கா ஒருவர், கேன் வாயில் பாலிதீன் கவரைப் போட்டு ரப்பர் பேண்டால் கட்டியிருக்கிறார். அது பூரி மாதிரி உப்பி வெடித்திருக்கிறது. நல்லவேளை, கவரோடு போயிற்று. அக்கா அசரவில்லை.

“நீ பாட்டுக்குத் தூங்கினு கீற, வாங்கினு வந்த பொருளு காத்துல போவுதேன்னு நான்தாம்மா கட்டி வெச்சேன்!”

டார்ச்

சில்லை வெளிச்சம் புகாத டப்பாவில் வைத்து நைட்ரஜன் ஊற்றினோம். குளிரக் குளிர அணுக்களின் ஆட்டம் அடங்கும், எலெக்ட்ரான் முட்டாமல் மோதாமல் ஓடும். மின்தடை அழகாக இறங்கியது. நான் டீ குடிக்கப் போன நேரத்தில், என்னோடு ஆராய்ச்சி செய்யும் விக்டர், நைட்ரஜன் எவ்வளவு மிச்சம் என்று மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறான்.

இந்த அடுக்குகளுக்கு ஒரு குணம் உண்டு. குளிரில் ஒருதரம் வெளிச்சம் பட்டால், அடைந்து கிடந்த எலெக்ட்ரான்களும் கிளம்பி ஓட ஆரம்பிக்கும். விளக்கை அணைத்தாலும் பழைய இடத்துக்குத் திரும்பாது. அப்புறம் மின்தடை இறங்கினால் அது குளிராலா, டார்ச்சாலா என்று சொல்லவே முடியாது. சில்லைச் சூடேற்றி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நைட்ரஜனோ தீர்ந்துவிட்டது, விடிந்தால் வியாழன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஒரு செகண்டுதான் வசந்தி அடிச்சேன்!”

காவல்

மறுநாள் அதே பஸ். கண்டக்டரே கேனைத் தன் சீட்டருகே வைத்து, யாரும் மூடக்கூடாது என்று ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். லேபில் விக்டர் டப்பாவை ஒட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவன், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கோடு பாதி இறங்கியபோது எங்கள் பேராசிரியர் வந்து, “லெவல் பார்த்தீங்களா?” என்று மூடியில் கை வைத்தார். அவரை எதிர்த்து எங்கள் டிபார்ட்மென்டில் யாரும் தும்மியதுகூட இல்லை. விக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டான்.

“கைய எடுங்க சார், ஒடச்சிடுவேன்!”

சார் கையை எடுத்தார், என் கோடு முழுசாக வந்தது, சில்லும் வெள்ளிக்கிழமை பெங்களூர் போய்ச் சேர்ந்தது. விக்டரின் ஆய்வேடு மட்டும் அதற்கப்புறம் வெகு காலம் சார் மேஜையில் குளிர்ந்துகொண்டிருந்தது.