ஃப்ரிட்ஜைத் தூக்கி எருமைக்குப் பக்கத்தில் வைத்தது நான்தான்

நண்பர்களே, நிச்சயம் ஆகியிருக்க வேண்டிய ஒரு கல்யாணம் அந்தரத்தில் நிற்கிறது, அதை நிறுத்தியது நானும் என் மனைவி கவிதாவும்தான், முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்!

எல்லாம் ஒரு ரீல்ஸில் ஆரம்பித்தது.

அமெரிக்காவில் ஆமிஷ் என்று ஒரு பிரிவினர். கரண்ட் வேண்டாம், கார் வேண்டாம் என்று குதிரை வண்டியில் போகிறார்கள். அவர்களை வேடிக்கை பார்க்கவே ஜோடி ஜோடியாக டூர் போகிறார்கள்.

"நம்மளும் போலாங்க" என்றாள் கவிதா.

(எங்களிடம் பாஸ்போர்ட்டே கிடையாது.)

அதனால் பனமரத்துப்பட்டிப் பக்கம் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு ரிசார்ட்டில் புக் செய்தோம். பெயர், 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கிராமம்'. கரண்ட் இல்லை. அம்மி உண்டு, மாட்டு வண்டி உண்டு. வேட்டி, நூல் சேலையில் வந்தால் வெல்கம் டிரிங்க் இலவசம்.

(ஓமலூரில் கவிதாவின் சித்தப்பா வீட்டிலும் அம்மி இருக்கிறது, மாடு இருக்கிறது. அங்கே போய் மூன்று வருடம் ஆகிறது. டிக்கெட் போட்டால் போவோம்.)

மேப் எங்களை ஒரு தென்னந்தோப்புக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. எதிரே ஓட்டு வீடு, கிணறு, இரண்டு எருமை.

இப்போதே சொல்லிவிடுகிறேன், அது ரிசார்ட் இல்லை. கணவர் போன பிறகு தோட்டத்தையும் மகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் ஓர் அம்மாவின் வீடு. அன்று குமாரபாளையத்திலிருந்து அந்த மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் அண்ணனும் அண்ணியும் கொஞ்சம் முன்னாடியே வந்துவிடலாம் என்று தரகர் சொல்லியிருந்தாராம்.

அந்த நேரத்தில் வேட்டி சேலையில் ஒரு ஜோடி போய் இறங்குகிறது.

"வாங்க வாங்க, வெய்யல்ல வந்திருக்கறீங்க. மொதல்ல தண்ணி குடிங்க" என்று அந்த அம்மா சொம்பை நீட்டினார். யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவர்களிடம் எடுத்ததும் அதைக் கேட்டால் அங்கே மரியாதை இல்லை.

நான் கவிதாவின் காதில், "வெல்கம் டிரிங்க்" என்றேன்.

"ஆக்டிங் பயங்கர நேச்சுரலா இருக்குதுங்க" என்றாள் அவள்.

பிறகு அவள் கண்ணில் ஃப்ரிட்ஜ் பட்டது.

"எல்லாம் நல்லாருக்குதுங்கக்கா. இந்த ஃப்ரிட்ஜ்தான் உறுத்துது."

அந்த அம்மாவின் முகம் மாறியது. "ஏனுங்க கண்ணு, ஃப்ரிட்ஜ் ஆகாதுங்களா?"

"ஆகவே ஆகாதுங்க. அந்த டிவியும்தான். வாரவங்க இதையெல்லாமா பாக்க வாராங்க? மனசே விட்டுப்போயிரும்."

"மிக்ஸி?"

"அதையும் எடுத்துருங்க" என்றேன் நான், இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி. "தங்கச்சி அம்மியில அரைக்கட்டும்."

உள்ளே இருந்து மகளின் குரல் வந்தது. "அம்மா, நான் அம்மியத் தொட்டதே இல்ல. பேங்குல அதுக்கா சம்பளம் தராங்க?"

"சும்மாரு சாமி. அவிய ஊட்டுப் பழக்கம் அப்படி இருக்கும்."

அப்புறம் என்னைப் பார்த்து, "ஒரு கை புடிக்கறீங்களா தம்பி?" என்றார்.

பிடித்தேன். (கெஸ்ட் ஆக்டிவிட்டி என்று நினைத்தேன்.) ஃப்ரிட்ஜ் மாட்டுக்கொட்டகைக்குப் போனது. டிவி சாக்குக்குள் போனது. கவிதா போட்டோ எடுத்தாள்.

கால் மணி நேரத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா காபியை வாங்கிக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க. ஊட்ல ஒரு ஃப்ரிட்ஜ் கூட இல்லீங்களா? தரகர் எல்லாம் இருக்குதுன்னாரே."

"ஆகாதுன்னு நீங்கதானுங்களே சொல்லி அனுப்புனீங்க? இதா, உங்க பெரிய பையனும் மருமகளும் சொன்னாங்க."

"எம்பட பெரிய பையன் அங்க காரை நிறுத்திட்டிருக்கறான். இவிய யாருங்க?"

எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நான் போனில் ரிசார்ட் டிக்கெட்டைக் காட்டினேன்.

"ஊடு மாறி வந்தவங்க சொன்னாங்கன்னு ஃப்ரிட்ஜைத் தூக்கிட்டீங்களா? கதை சொன்னாலும் நம்பற மாதிரி சொல்லோணுமுங்க" என்றார் அவர்.

அந்த அம்மா பதறிப்போய் அவரைக் கொட்டகைக்கே கூட்டிப்போய்க் காட்டினார். அது இன்னும் மோசமானது. எருமை ஃப்ரிட்ஜில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"ஓடாத ஃப்ரிட்ஜை வெச்சுக்கிட்டுக் கதை ஓட்டறாங்க" என்று அவர் முணுமுணுத்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. "சாப்புட்டுட்டுப் போங்க" என்று இலை போட்டார். திட்டியிருந்தால் சோறாவது இறங்கியிருக்கும்.

கிளம்பும்போது அந்தப் பெண் எங்கள் கார் வரைக்கும் வந்தாள்.

"அண்ணா, எனக்கு அவரைப் புடிச்சிருந்துதுங்க. நாங்க சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. பண்ணுனது நீங்க, நீங்களே சொல்லுங்க. எம்பேரு, போட்டோ மட்டும் வேண்டாம்."

சொல்லிவிட்டேன்.

குமாரபாளையத்து நண்பர்களே, போன ஞாயிற்றுக்கிழமை பனமரத்துப்பட்டிப் பக்கம் பெண் பார்க்கப் போய்விட்டுத் திரும்பிய அந்தக் குடும்பத்துக்கு எட்டும்வரை இதை ஷேர் செய்யுங்கள். ஃப்ரிட்ஜ் நன்றாக ஓடுகிறது. அதை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தூக்கும் முட்டாளின் போட்டோவைக் கீழே ஆதாரத்துக்குப் போட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை, நீங்களே இதைப் படித்தால் விளக்கமெல்லாம் எழுத வேண்டாம். கமெண்டில் ஒரு புள்ளி வையுங்கள், போதும்.

அந்தப் பெண்ணும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.