பிரிசில்லாக்காவின் மூக்கு

பிரேசர் டவுனில் எங்கள் மீன் கோடவுனுக்கு எந்தப் பெட்டி வந்தாலும் பிரிசில்லாக்கா மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே போகும். தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருகிற மனுஷி. எதிர் சீட்காரர் என்ன டிபன் கட்டியிருக்கிறார் என்பதுவரை சொல்லிவிடுவார். அந்த மூக்கை நான் எத்தனை கிண்டல் செய்திருக்கிறேன்! நான் டென்சில், சூப்பர்வைசர். வாயைத் திறந்தால் வசவுதான்.

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம், ஃப்ரீசர் ரூமிலிருந்து எங்கள் பெட்டி அடுக்கும் ஆள் கிளிஃபர்ட் தள்ளாடிக்கொண்டு வந்தான். ஜாக்கெட் இல்லை, சட்டையெல்லாம் மீன் தண்ணீர், பேச்சு குழறுகிறது. குடியை விட்டு இரண்டு வருஷமானவன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பண்டிகைன்னதும் ஏத்திக்கிட்டியா? குளிர் விட்டுப்போச்சாடா உனக்கு? கிளம்பு, இனி இந்தப் பக்கம் வராதே!"

அவன் சட்டைப் பொத்தானைப் பிடிக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தான். அக்கா வந்து அவன் வாயருகே மூக்கை வைத்தார்.

"புதினா சட்னி. வேறொண்ணுமில்ல. இவன் குடிக்கல சார், விறைச்சுப் போயிருக்கான். பாருங்க, நடுக்கம்கூட நின்னுபோச்சு!"

"நின்னா நல்லதுதானேக்கா?"

"அய்யோ, நடுங்கக்கூட உடம்புல தெம்பில்ல! உசுரு போயிடும் சார், 108-க்கு அடிங்க!"

முதலுதவி வகுப்புக்கு நாங்கள் இருவரும்தான் போயிருந்தோம். அவர் பாடம் கேட்டார்; நான் பிரியாணி சாப்பிட்டேன்.

ஜாக்கெட்டைத் துவைக்கப் போட்டுவிட்டு, ஐந்து நிமிஷம்தானே என்று ஃப்ரீசருக்குள் போன கிளிஃபர்ட் ஒன்றரை மணி நேரம் பெட்டி அடுக்கியிருக்கிறான். நடக்கவிடாமல் அட்டைகளின்மேல் மெல்லப் படுக்கவைத்து, ஈரச் சட்டையைக் கழற்றினோம். நான் அவன் கைகாலைத் தேய்க்கப் போனேன். என் புறங்கையில் பட்டென்று அக்காவின் அடி விழுந்தது; தேய்க்கக் கூடாதாம். கேக்குக்கு வாங்கிய பிராந்தியை எடுத்தேன்.

"சும்னே இருங்க சார்! அது உள்ள போனா இருக்கிற சூடும் போயிடும்."

மீன் கோடவுனில் கம்பளி ஏது? சாயங்கால விழாவுக்கு வாடகைக்கு எடுத்த கிறிஸ்துமஸ் தாத்தா உடுப்புதான் இருந்தது. குல்லாய் உட்பட மாட்டிவிட்டோம். டீக்கடை வெந்நீரைப் பாட்டில்களில் ஊற்றி, துணி சுற்றி, மார்பிலும் அக்குளிலும் வைத்தார் அக்கா. அவன் கண்கள் சொருகின. நான் விரட்டியபடி போயிருந்தால் தெருவிலேயே செத்திருப்பான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

குல்லாயின் பஞ்சு உருண்டை லேசாக ஆடியது. அப்புறம் தாடை. அப்புறம் தாத்தா முழுசும் வெடவெடவென்று உதறினார்.

"நடுங்குறான்! நடுங்குறான்!" அக்கா குதித்தார். நானும் குதித்தேன். உள்ளே வந்த ஆம்புலன்ஸ்காரர் எங்களைப் பார்த்து ஒரு நிமிஷம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கிளிஃபர்ட் என் கையைப் பிடித்தான். பற்கள் தந்தியடித்தன.

"இ... இல்ல சார். கு... குளிர் விடல."