செப நேரத்தில் அணைத்த லேப்டாப்

இதை எழுதினால் செபத்தைக் கேலி செய்வார்களோ என்று பயந்தே சில வருஷங்கள் எழுதாமல் இருந்துவிட்டேன்.

மில்லர்புரத்தில் எங்கள் வீட்டில் ஒரு பழைய லேப்டாப். அதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பென் டிரைவிலிருந்து போட நானே துணிந்து உட்கார்ந்தேன். பாதி ஏறியிருந்தது. செபமாலைக்கு உட்காரும்போது டிவி, போன் எல்லாவற்றையும் அணைத்துவிடுவோம். அதே பழக்கத்தில் அவசரமாக லேப்டாப்பையும் அணைத்துவிட்டேன்! செபம் முடிந்து போட்டால், திரை ஒரே கறுப்பு. மகளின் கல்லூரி ப்ராஜெக்ட் முழுவதும் அதற்குள்தான்.

"ஏம்மா, லேப்டாப்புமா முழங்கால் போடணும்?" என்று அழுதாள்.

லினக்ஸ் பழகுகிறவர்களின் வாட்ஸப் குழுவில், செபத்துக்காக அணைத்ததையும் சொல்லிக் கேட்டேன். முகம் தெரியாத காயல்பட்டினத்துத் தம்பி ஒருவர் உடனே போனில் கூப்பிட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"எங்க வீட்டுலயும் தொழுகைக்கு எல்லாத்தையும் அமத்திருவோம்க்கா. பயப்படாதீங்க, பென் டிரைவுல இருந்தே தொறந்து பாப்போம்" என்றார்.

அவர் சொல்லச் சொல்ல அழுத்தினேன். திரை வெளிச்சமானது! மகளின் ப்ராஜெக்ட் அப்படியே இருந்தது! "இயேசுவே!" என்று நான் கத்த, "அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவரும் கத்த, மகள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

என் வீட்டு நல்லதுக்கு எங்கோ இருக்கும் ஒருவர் இறைவனுக்கு நன்றி சொன்ன அந்தக் குரல் இன்னும் எனக்குள் கேட்கிறது. இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் ஒரு வார்த்தையும் மாற்றாமல் சொல்லுங்கள்: அவசரப்பட்டது என் கை, செபம் அல்ல.