போனை வீட்டிலேயே விட்டுட்டு வாங்க

பத்திரிகை அலுவலகத்தில் அவருக்கு ஊமையண்ணன் என்று பெயர். ராணுவம், உளவு, ஆயுதக் கொள்முதல் என்று மற்றவர்கள் தொடப் பயந்ததை எல்லாம் எழுதியவர். ஆனால் தகவல் தந்தது யார் என்று ஆசிரியரிடம்கூட வாய் திறந்ததில்லை. "அண்ணனைத் தலைகீழாத் தொங்கவிட்டாலும் பாக்கெட்டுல இருக்கற சில்லறைதான் விழும்" என்று கேன்டீனில் கிண்டலடிப்பார்கள். அவர் டீயை உறிஞ்சியபடி அதை ரசிப்பார்.

தகவல் தருகிற ஆளைப் பார்க்கப் போகும்போது போனை வீட்டில் போட்டுவிட்டுப் போவது அவர் வழக்கம். கூடவே வந்தால் அது போன இடத்தையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். வருகிறவரும் அப்படியே வர வேண்டும். சோபாவில் கிடந்து அலறும் போனைப் பார்த்து அவர் மனைவி, "உங்களைவிட இதுக்குத்தான் வீட்டு மேல பாசம்" என்பாள்.

ராணுவக் கிடங்கில் வேலை பார்த்தவர் தானாகத்தான் தேடி வந்தார். குண்டு துளைக்காது என்று சொல்லி வாங்கிய உடுப்புகள், சோதனையில் அட்டை மாதிரி கிழிந்த பிறகும் எல்லைக்குப் போய்க்கொண்டிருந்தன.

"நம்ம பசங்க இதைப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க சார். ஆனா என் பேரு வெளிய வந்துடக் கூடாது. பொண்ணு படிச்சிட்டிருக்கா."

"என்கிட்ட வந்த பேரு எதுவும் வெளிய போனதில்ல. போனை மட்டும் வீட்டிலேயே விட்டுட்டு வாங்க."

பெரிய ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிகள் கூடத்தில், இருமுகிறவர்களுக்கு நடுவே பலமுறை சந்தித்தார்கள். செய்தி வந்தது. உடுப்புகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஊமையண்ணனுக்கு மாலை போட்டு விருது கொடுத்தார்கள். அந்த மாலையின் பூ வாடுவதற்குள் கிடங்குக்காரரைக் கைது செய்தார்கள்.

ஊமையண்ணனையும் விசாரணைக்கு அழைத்தார்கள். அதிகாரி தன்மையானவர், டீ வரவழைத்தார்.

"நீங்க எதுவும் சொல்ல வேணாம் சார், நானே சொல்றேன். நீங்க எப்பப்ப போனை எடுக்காம இருந்தீங்கன்னு பார்த்தோம். போன் வீட்டுல, ஆள் தெருவுல. அதே நேரத்துல கிடங்கு ஆளுங்கள்ல யாரு போன் வீட்டிலேயே கிடந்து அடிச்சிட்டிருந்ததுன்னு பார்த்தோம். ஒரே ஒருத்தருதான். ஒவ்வொரு தடவையும் அதே ஆளு." சிரித்தார். "ரெண்டு பேரும் போனை எடுத்துட்டே போயிருந்தீங்கன்னா ஆஸ்பத்திரிக் கூட்டத்துல நாங்க எங்க போய்த் தேடறது? சொல்லுங்க!"

டீ ஆறிப்போயிற்று.

தண்டனை உறுதியான பிறகு ஊமையண்ணன் சிறைக்குப் பார்க்கப் போனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடங்குக்காரர் பாதியாக இளைத்திருந்தார். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"உங்களைச் சந்தேகப்படுவேனா சார்? இது என் வீட்டுக்காரி வேலை. போனை விட்டுட்டு எங்க போறீங்கன்னு நச்சரிச்சா. ஒருநாள் பொறுக்க முடியாம சொல்லிட்டேன். வேற ஒருத்தருக்கும் தெரியாது. அவ தங்கச்சி வாய் உங்களுக்குத் தெரியாது, ஊரே கேக்கும். இனி என் வீட்டுக்காரி முகத்துலயே முழிக்க மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

ஊமையண்ணன் வாயைத் திறந்தார்.

"எதுக்கும் நீங்க ஒரு தடவை தீர விசாரிங்க சார். உங்ககிட்ட எந்த உண்மையும் தப்பாது."

"விசாரிக்கிறேன்" என்றார்.

வெளியே மதில் நிழலில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அந்த மனைவி நின்றிருந்தாள். அன்றைக்கும் அவர் பார்க்க மறுத்ததால் உள்ளே விடவில்லை.

"அண்ணா, என் மேல என்ன கோபம்னு சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"நான் யார்கிட்டயும் மூச்சு விடலண்ணா. என் தங்கச்சிகிட்டகூட. நீங்க எடுத்துச் சொன்னா நம்புவாரு."

"அடுத்த தடவை சொல்றேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரத்தை நீட்டினாள். "இதை அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போனா பொண்ணு அழுவா. நீங்களாவது சாப்பிடுங்க."

வாங்கிக்கொண்டார். அடியில் இன்னும் சூடு இருந்தது.