காப்பு கட்டிய நாளில் ஒரு கொடுவா

கடலுக்குக் குத்தகைக்காரர் கிடையாது என்று நம்பித்தான் நான் தூண்டில் வாங்கினேன்.

எங்கள் ஊர் செங்கல்பட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. பெரிய ஏரி உண்டு. ஏரி எல்லாருக்கும் பொது. கோடையில் தண்ணீர் வற்றும்போது மீன் மட்டும் குத்தகை எடுத்தவருக்கு. அவருடைய ஆட்கள் வலை போட்டு அள்ளிக்கொண்டு போன பிறகு எங்கள் தெருக்காரர்கள் சேற்றில் இறங்கித் தடவலாம். அடுத்தவர் வயலில் கூலிக்குப் போன அப்பாவும் இறங்குவார், விரல் நீளக் கெண்டைகளைத் துண்டில் முடிந்து கொண்டுவருவார். அம்மா அதில் குழம்பு வைத்தால் தெருவே மணக்கும். எனக்கு மட்டும் தொண்டையில் இறங்காது. அடுத்தவன் விட்டுப்போனதைத் தின்னப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பொத்தேரியில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருக்கிறேன். வாரம் முழுக்க, இத்தனை மணிக்கு மேல் வெளியே போகாதே, இங்கே நிற்காதே என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி எனக்கே என் குரல் அலுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாளாவது யாரும் என்னிடம் அப்படிச் சொல்லக் கூடாது என்று ஸ்கூட்டியில் தூண்டில் கம்பைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குக் கிளம்பினேன். மாமல்லபுரத்துப் பக்கம் போனால் ஒரு ரிசார்ட் காவலாளி ஓடி வந்து, "மேடம், இது எங்க பீச்சு" என்றான். கடலையும் சுவர் வைத்து வளைத்துவிட்டார்களா என்று கேட்டேன். அவன் பாவம், சம்பளத்துக்குச் சொல்கிறான். நான் போன் வரைபடத்தைத் தெற்கே நகர்த்தினேன்.

கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில், இடிந்த கோட்டையைத் தாண்டினால் உப்பங்கழி கடலில் விழுகிற முகத்துவாரம். அங்கே கொடுவா மீன் வரும் என்று படித்திருந்தேன். போய் நின்ற முதல் நாளே பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். சென்னையிலிருந்து தூண்டில் போட வருகிறவர்களைத் தன் படகில் ஏற்றிச் செல்பவர்.

"இன்னாம்மா, எந்த ஊரு நீ?"

சொன்னேன்.

"வெளியூரு ஆளுங்க எங்க போட்ட வாடகைக்கு எடுத்துதான் புடிப்பாங்க. கரையில நின்னுகினு இருந்தா ஒண்ணியும் கெடைக்காது."

"கெடைக்கலன்னா போவுதுண்ணே. நான் நின்னுக்கறேன்."

"இது எங்க எல்ல."

"மணலு பொறம்போக்குதானண்ணே?"

"பொறம்போக்கு கவர்மெண்டுது. எல்ல எங்களுது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

படகு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவர் கொண்டுபோய் நிறுத்துகிற இடத்தில், அவர் கட்டித் தருகிற இரையில் மாட்டினால் அது அவர் பிடித்த மீன். எனக்கு வேண்டியது நானே தேடி, நானே நின்று பிடித்த ஒரு கொடுவா. யாரோ அள்ளியதில் மிஞ்சியது இல்லை, முழுசாக. இதை வீம்பு என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

வீம்புக்குக் கூலி கிடைத்தது. பேத்தை மீன்கள் என் பிளாஸ்டிக் இரைகளை வாலோடு கடித்துத் துப்பின. கெளுத்தி முள் குத்தி விரல் வீங்கியது. படகுக்காரர் தன் ஆட்களை ஏற்றிக்கொண்டு, நான் வீசியிருக்கும் தூண்டில் நரம்பின் மேலேயே என்ஜினை ஓட்டிப் போவார். அறுந்து தொங்கும் நரம்பைச் சுற்றிக்கொண்டே அவரைத் திட்டியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. வீட்டுக்குப் போனால் அம்மா வேறு.

"மார்க்கெட்ல மீனா இல்ல? பெட்ரோல ஊத்திகினு போயி வெறுங்கையோட வர்றியே, ஒனக்கு இன்னாடி பேஜாரு?"

"மார்க்கெட்ல வாங்கறதுக்கு நீ இருக்கறயேம்மா."

ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்தது. நின்று நின்றே சிலதைப் புரிந்துகொண்டேன். மழைக்குப் பிறகு முகத்துவாரம் அகலமாகத் திறந்திருக்கும்போது, கழித் தண்ணீர் கடலுக்கு வடியத் தொடங்கும். அதோடு மடவை மீன் குஞ்சுகள் கூட்டமாக வெளியே வரும். மணல்திட்டு சரிகிற விளிம்பில் கொடுவா அவற்றுக்காகக் காத்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் குறுக்கே வலைகள் இருக்கும். வலை அவர்கள் பிழைப்பு, அதில் எனக்குச் சண்டை இல்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிறு. குப்பத்து முனையில் வேப்பிலைத் தோரணமும் மஞ்சள் துணியும் கட்டியிருந்தது. எந்த ஊரில்தான் திருவிழா இல்லை என்று வண்டியை நிறுத்தாமல் வந்துவிட்டேன். முகத்துவாரத்தில் ஒரு வலை இல்லை, ஒரு படகு இல்லை. என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மனுக்குக் காப்பு கட்டிவிட்டால் அவிழ்க்கும்வரை அந்த ஊர்த் தண்ணீரில் யாரும் வலை இறக்கக் கூடாது என்பது ஏரிக்கரையில் வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்?

வடிநீரில், திட்டின் விளிம்பில் வீசினேன். இழுத்த இழுப்பில் கம்பு கையைவிட்டுப் போகப் பார்த்தது. மீன் தண்ணீருக்கு மேலே எகிறித் தலையை உதறியது. அப்போதுதான் அதன் வாயைப் பார்த்தேன், கை உள்ளே போகும். பிறகு நடந்ததெல்லாம் எனக்குக் கோர்வையாக நினைவில்லை. மணலில் மண்டியிட்டு இழுத்தேன், அழுதேன், சாமி பெயரையெல்லாம் சொன்னேன். கரைக்கு வந்தபோது அது என் இடுப்பு உயரம் இருந்தது. கிளம்பும்வரை கெடாமல் இருக்கட்டும் என்று வாயில் கயிறு கோத்து, முட்டளவுத் தண்ணீரிலேயே உயிரோடு கட்டிவைத்தேன். அப்பா இருந்திருந்தால் போன் போட்டிருப்பேன்.

நிமிர்ந்தால் எதிரே படகுக்காரர். கூடவே மணிக்கட்டில் மஞ்சள் காப்போடு குப்பத்துப் பஞ்சாயத்தார் ஒருவர்.

"இன்னா காரியம் பண்ணிகீற நீ? ஊரே காப்பு கட்டிகீது. ஒருத்தன் வல எறக்கல" என்று படகுக்காரர் கத்தினார்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே."

"தெரியாதுன்னா? ஊர்க் கட்டுப்பாடு. மீன வுட்டுடு."

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. "ரெண்டு மழையா என்ன வெளியூரு வெளியூருன்னு சொல்லிகினு இருந்தியே. வெளியூருக்காரிக்கு ஏதுண்ணே ஊர்க் கட்டுப்பாடு?"

"வாய பாரு!"

பஞ்சாயத்தார் கையைக் காட்டி அவரை அடக்கினார். "கரையில நின்னா எல்லாருக்கும் கட்டுப்பாடுதாம்மா. யாரா இருந்தாலும்."

"அப்ப கரையில நிக்கறதும் எல்லாருக்கும்தான? கட்டுப்பாட்டுக்கு மட்டும் நான் உங்க ஊரு, மீனுக்கு வெளியூரா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நான் வெளியூருன்னா மீன எடுத்துகினு இப்பவே போறேன். கட்டுப்பாடு எனக்கும் உண்டுன்னா வுட்டுடறேன். ஆனா நாளைக்கு எவனும் வந்து எந்த ஊருன்னு கேக்கக் கூடாது. போட்டு எடுன்னு சொல்லக் கூடாது."

கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பஞ்சாயத்தார் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வுட்டுடும்மா" என்றார். "காப்பு அவுத்ததும் வந்து நில்லு. யாரும் கேக்க மாட்டாங்க."

"போட்டு?"

"போட்டு வேணாம்."

படகுக்காரர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கயிற்றை அவிழ்த்தேன். வாலைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தேன், செவுள் திறந்து மூடியது. ஒரே உதறலில் என் முகமெல்லாம் தண்ணீரை அடித்துவிட்டுப் போயிற்று. எங்கள் குடும்பத்தில் இத்தனை பெரிய மீனைக் கையில் வைத்திருந்தவளும் நான்தான், அதை விட்டவளும் நான்தான்.

"இன்னிக்கும் வெறுங்கையா?" என்றாள் அம்மா.

"புடிச்சேம்மா. வுட்டுட்டேன்."

"எவன் வுட சொன்னான்?"

"கேட்டாங்க. நான்தான் வுட்டேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. நான் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் போனேன். காப்பு அவிழ்த்துவிட்டிருந்தார்கள், தோரணம் வாடித் தொங்கியது. திட்டின் விளிம்பில் வீசிவிட்டு நின்றேன். படகுக்காரர் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. ஆனால் என்ஜினைத் தணித்து, என் நரம்பு விழுந்திருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

அன்றைக்கு ஒரு மீனும் மாட்டவில்லை. வெயில் உச்சிக்கு ஏறும்வரை நின்றுவிட்டுத்தான் கிளம்பினேன்.