நோன்பு நாளில் மண்ணின் சுவை

ஒரு பிடி ஈரமண். அதை நாவில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தும் வைக்க முடியாது நின்ற இருவர். விவசாயப் போதனாசிரியராகக் கட்டைபறிச்சானில் பணிபுரிந்த காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் தோன்றுவது இக்காட்சியே.

மண்ணை ஏந்தி நின்றவர் மூதூர்க் கமக்காரர். அவ்வூர் முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் நான் காக்கா என்றழைத்தவர். முந்திய ஆண்டுப் புயலில் குடாக்கடல் ஏறி, அவருடைய பயிர் உப்பில் கருகியது. இம்மாரியில் நல்ல மழை. உப்புக் கழுவுண்டிருக்கும் என்று நம்பி, எஞ்சிய விதைநெல்லை முளைக்கப் போட்டுவிட்டார். முளை வெடித்துவிட்டது, மறுநாள் விதைத்தாக வேண்டும். உப்பு இருந்தால் அந்த விதையும் போய்விடும். அடுத்த ஆண்டுக்கு வேறில்லை. மைத்துனரின் மேட்டுநிலத்தில் தூவினால் பாதியையேனும் காக்கலாம். எங்கே விதைப்பது? ஆய்வுகூடத்துக்கு நான் அனுப்பிய மண்ணுக்குப் பதில் வரவில்லை. எஞ்சிய சோதனை நாக்கு ஒன்றே.

"நீங்க பாருங்க ஐயா. எனக்கு நோன்பு."

"எனக்கும் கந்தசஷ்டி விரதம், காக்கா. தண்ணி மட்டுந்தான்."

வரம்பில் நின்ற அவர் மனைவி சிரிப்பை அடக்கவில்லை. "என்னையும் பாக்காதீங்க. எருமைதான் மிச்சம். அதுக்கிட்டக் கேளுங்க."

நிலத்தின் ஐந்து குணங்களுள் சுவையும் ஒன்றென இளமையிலேயே ஓதியவன் நான். ஐம்பூதமாய் நிற்பவனை நாள்தோறும் பாடியும், மண்ணின் சுவை ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சோறு என்று எண்ணியதில்லை. துப்பிவிட்டால் குற்றமில்லையே என்று சொல்ல நாவெழுந்தது. என் விரதத்துக்கே சலுகை கொடாத நான், அவருடைய நோன்புக்கு விதி கூறுவதா? காத்திருந்தோம்.

பொழுது சாய, பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. காக்கா ஒரு பேரீச்சம்பழம் தின்று தண்ணீர் குடித்தார். மனைவி நீட்டிய கஞ்சிக் கோப்பையை "பொறு" என்று விலக்கிவிட்டு வயலில் இறங்கினார். இடத்துக்கு இடம் மண் கிள்ளி நாவில் வைத்துத் துப்பினார். பள்ளமான மூலையில் அவர் முகம் சுருங்கிற்று.

"இந்த மூலை ஏலாது, ஐயா. மத்த இடமெல்லாம் மண் மண்ணாத்தான் கிடக்கு. விடிய விதைப்பம்."

"அப்ப மேட்டுநிலம்?"

"மச்சான் அதில சோளம் போடட்டும்."

ஆறு நாள் விரதமும் முடித்துப் பாரணை செய்த மறுநாள் சென்றேன். வயலெங்கும் ஊசி ஊசியாய்ப் பசுமை. பள்ளமூலை மட்டும் வெறுமை. இன்று ஆய்வுகூடத் தாள்கள் விரைந்து வந்துவிடுகின்றன. அவற்றை நான் மதிக்கிறேன். ஆயினும் மண்ணை நான் அறிந்தது அன்றுதான். செருப்பைக் கழற்றிவிட்டு அவ்வெறும் மூலையில் இறங்கி, ஒரு கிள்ளு எடுத்து நாவில் வைத்தேன். கரித்தது.

"எப்படி ஐயா?" என்றார் காக்கா, வரம்பிலிருந்து.

"இன்னும் உப்புக் கிடக்கு."

"அதுக்கென்ன. வார மாரிக்கு அந்த மூலைக்கும் சேத்துத்தான் விதை எடுத்து வைப்பன்."