பதில் வராமல் நகராதவர்

ஊரையே ஏற்றி இறக்கிப் பிழைக்கும் லிஃப்ட் மெக்கானிக் ஒருவர், தாம் மட்டும் படியில் நடந்தே போவார். கேட்டால், "வேலை நேரத்துல ஏறுறது போதாதா?" என்பார். கூட வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் எதிரொலி அண்ணன்.

அந்தப் பெயருக்கு ஒரு காரணம் உண்டு. பழுது பார்க்கும்போது ஒருவர் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நிற்பார். இன்னொருவர் மோட்டார் அறையில் பொத்தானோடு இருப்பார். கூண்டை நகர்த்துமுன் கூரைமேல் நிற்பவர் "மேலே!" என்று கத்த வேண்டும். அறையில் இருப்பவர் அதையே திருப்பிக் கத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் பொத்தான். பதில் வரவில்லையா, கூண்டு அசையக் கூடாது. எல்லோருக்கும் தெரிந்த விதி. அதனாலேயே எல்லோரும் மறந்துவிடும் விதி. எதிரொலி அண்ணன் இருபத்திரண்டு வருஷமாக மறக்கவில்லை. போதாததற்கு வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். காலையில் "கிளம்புறேன்" என்பார். மனைவி "கிளம்புங்க" என்று சொல்லும்வரை செருப்பு மாட்டிய காலோடு வாசலிலேயே நிற்பார்.

"ஒரு நாள் நான் வாயைத் திறக்காம இருந்தா போதும். ரிட்டயர் ஆகிற வரைக்கும் இந்த மனுஷன் இங்கேயே நிப்பாரு" என்பார் மனைவி. அவர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். அடுத்தவர் சொன்னதை அப்படியே திருப்பிப் போடுவதுதான் அவருக்கும் வேலை. ஆனால் கணவரின் பழக்கத்தைக் குறையாகச் சொல்ல அவருக்கு மட்டும்தான் உரிமை.

தத்தெடுக்க ஆறு வருஷம் காகிதங்களோடு மல்லுக்கட்டிய பிறகு, வேறொரு நாட்டில் ஒரு பெண் குழந்தை இவர்களுக்கு மகளானாள். வயது மூன்று. அந்த நாட்டுச் சட்டப்படி ஐந்து வாரம் அங்கேயே தங்கிக் குழந்தையோடு பழக வேண்டும். முடிவில் ஓர் அதிகாரி அம்மாள் வந்து பார்ப்பார். குழந்தை இரண்டு பேரிடமும் ஒட்டியிருந்தால் கையெழுத்து; இல்லாவிட்டால் இன்னும் இரண்டு மாதம். எதிரொலி அண்ணனுக்குக் கிடைத்த லீவு ஆறே வாரம்.

குழந்தை இரண்டாம் நாளே அம்மாவின் இடுப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கரண்டி. வாயில் ஒரு சொல் கிடையாது, அவளுடைய சொந்த மொழியில்கூட. புருவத்தை மட்டும் தூக்கி ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். 'மேடம்' என்று பெயர் விழுந்தது அப்படித்தான்.

அப்பா உள்ளே வந்தால் மேடம் வெளியே போவாள். அவள் வளர்ந்த குழந்தைகள் இல்லத்து நிர்வாகி ஃபோனில் விளக்கம் சொன்னார்: அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் பெண்கள், அவள் கிட்டத்தில் பார்த்த ஒரே ஆண், ஊசி போட வந்த டாக்டர். மீசை வைத்த டாக்டர்.

"என்னங்க, மீசையை எடுத்துட்டுப் பாருங்களேன்."

"இருபது வருஷத்து மீசைம்மா!"

"மறுபடி முளைக்காதா? மக என்ன, மறுபடி மறுபடியா கிடைப்பா?"

எடுத்தார். கழுவிய முகத்தோடு வெளியே வந்தவரைப் பார்த்து மேடம் வீடே அதிரும்படி அலறினாள். எட்டு நாளாகத் தூரத்திலிருந்தாவது பார்த்துப் பழகிய ஓர் ஆளை அனுப்பிவிட்டு, யாரோ புது ஆளைக் கூட்டி வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

அவர்கள் தங்கிய வீடு நாலாவது மாடி. லிஃப்டைக் கண்டாலே மேடத்துக்கு ஆகாது. இந்த ஒரு விஷயத்தில் அப்பாவுக்கும் மகளுக்கும் முதல் நாளிலிருந்தே ஒற்றுமை. காய்கறிப் பையோடு அப்பா முன்னால் ஏறுவார். அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு மேடம் பின்னால் வருவாள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் பழக்கதோஷத்தில் "மேலே!" என்பார். கீழேயிருந்து "மேலே, மேலே, ஏறித் தொலைங்க" என்று மனைவி குரல் கொடுப்பார். இறங்கும்போது "கீழே!"

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் மனைவிக்கு மூச்சு வாங்கியது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் பதில் வரவில்லை. அவர் நின்றார். மேடமும் நின்று அவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். வேலையில் கோட்டை விடும் ஊழியரைப் பார்க்கும் அதே பார்வை. கடைசியில் கரண்டியை நீட்டி, தெளிவாகச் சொன்னாள்:

"மேலே."

அது அவள் பேசிய முதல் சொல். மனைவி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எதிரொலி அண்ணனுக்கும் உட்காரத்தான் தோன்றியது. ஆனால் பதில் வந்துவிட்டதே! விதிப்படி ஏறினார்.

அதற்குப் பிறகு மோட்டார் அறை மேடம் வசம் போனது. அவள் சொன்னால் அந்தப் பெரிய உருவம் நகர்கிறது, சொல்லாவிட்டால் நிற்கிறது. அதுவரை அவளை யாரும் கேட்டுவிட்டு எடுத்ததில்லை, கேட்டுவிட்டு வைத்ததில்லை. ஒருநாள் சோதித்தே பார்த்தாள்: இரண்டாவது மாடியில் பதினோரு நிமிஷம் நிறுத்தி வைத்தாள். பால் பாக்கெட் வியர்த்து ஒழுகியது. அவர் அசையவில்லை.

ஆனாலும் கிட்டே வரவில்லை. படிக்கட்டில் முதலாளி, வீட்டுக்குள் பழையபடி அம்மா இடுப்பு.

அதிகாரி அம்மாள் வந்த அன்று மேடம் சோபாவின் ஒரு மூலை, அப்பா எதிர் மூலை. மொழிபெயர்க்க வந்தவர், அந்த நாட்டிலேயே பல வருஷம் குடியிருக்கும் நம்மவர் ஒருவர், தயங்கிச் சொன்னார்: "சார், நீங்க குழந்தையைத் தூக்கிப் பாத்ததே இல்லையான்னு கேக்குறாங்க."

"இல்லீங்க. இன்னும் அவளைக் கேக்கலை."

"தூக்கிக் காட்டச் சொல்றாங்க."

எதிரொலி அண்ணன் போய் மேடத்தின் முன்னால் குனிந்தார். இரண்டு கையையும் நீட்டி, "மேலே?" என்றார்.

பதில் இல்லை. அதிகாரியின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

"சும்மா தூக்குங்களேன்!" என்று மனைவி பல்லைக் கடித்தார்.

"பதில் வரலையே."

"இரண்டு மாசம்ங்க! தெரியுதா, இரண்டு மாசம்!"

"தெரியுது. பதில் வரலை."

குனிந்தபடியே இருந்தார். மேடம் அந்தக் கைகளைப் பார்த்தாள். மறுபடி முளைக்கத் தொடங்கியிருந்த மீசையைப் பார்த்தாள். கரண்டியால் அதை ஒரு முறை தட்டிப் பார்த்தாள். தரம் சரியாக இருந்திருக்க வேண்டும்.

"மேலே" என்றாள்.

தூக்கினார். மனைவி சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் மூச்சுவிடாமல் லிஃப்ட் கதை முழுவதையும் அதிகாரிக்குச் சொன்னார். அந்த அம்மாள் முதல்முறையாகச் சிரித்துவிட்டு, காகிதத்தில் நீளமாக எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் வழியனுப்பிவிட்டு வந்த மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "போதுங்க, இறக்கி விடுங்க. கை கடுக்கப் போகுது."

"கீழே?" என்றார் அவர்.

மேடத்துக்கு அந்தச் சொல் நன்றாகவே தெரியும். தினமும் நாலு மாடிக்குச் சொல்கிறவள்தான். இப்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அவர் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"கேட்டாச்சு" என்றார் எதிரொலி அண்ணன், நின்ற இடத்திலேயே. "பதில் வரலை."